சாம்பிள் சுவர்

பொங்கலன்று காலை. எதிர்க் கட்டடம் உயரம் என்பதால் எங்கள் தாராவி சந்துக்குள் வெயில் சாவகாசமாகத்தான் வரும். அது வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று நான் அவசரத்தில் இருந்தேன்.

என் மனைவி லெட்சுமி, ஜன்னலோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி உட்கார்ந்திருந்தாள். நான் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரைக்கும் வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் கிரீமைக் கோடாகப் பிதுக்கி வைத்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்து நின்றேன்.

"ரெண்டு வெரலுக்கும் எடுத்தியளா?"

"எடுத்தாச்சு."

"டாக்டரம்மா சொன்னது அவுக வெரலு அளவுல்லா. ஒங்க வெரலு வெண்டைக்காய் முத்துன மாதிரி இருக்கு."

"ஒம் மொகமும் அவுக மொகத்தவிட அகலந்தான். சரியாப் போயிரும்."

சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவள் சிரிக்காதது புதிதில்லை. ஆனால் அன்று திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் கீழ வரல" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "மொதப் பானைய பேச்சியக்காவ வைக்கச் சொல்லிருங்க. கீழ வந்தா எல்லாவளும் மொகத்துக்கு என்னாச்சுன்னு கேப்பாளுவ. எத்தன பேருக்குச் சொல்ல?"

எங்கள் சந்தில் பொங்கலுக்குத் தெருவிலேயே வரிசையாகச் செங்கல் அடுப்பு போட்டு எல்லா வீட்டுப் பானையும் ஏறும். முதல் அடுப்பு லெட்சுமியுடையது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை எல்லாருக்கும் முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்; அன்றிலிருந்து அவளுக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது.

அந்த அடுப்பை அவள் விட்டுக்கொடுக்கிறேன் என்கிறாள். நான் விரலில் கிரீமோடு நிற்கிறேன்.

என் தகுதி

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பெயிண்டர். படம் வரைகிறவன் அல்ல, சுவருக்கு அடிக்கிறவன். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல வீட்டு ஹால்கள் என் கைபட்டு வெளுத்தவை. மற்ற நேரத்தில் தமிழர் விழா மேடைகளில், அடுத்த நிகழ்ச்சிக்கு மைக் சரியாகும் வரைக்கும் ஜோக் சொல்லிச் சமாளிக்கிறவன். போன வாரம் செம்பூரில் ஏணியோடு விழுந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "ஏணிக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டிருந்தார். ஏணி நலம்.

முக அழகைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. என் முகத்துக்கு நான் செய்த ஒரே உபகாரம், பெயிண்ட் தெறித்தால் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்ததுதான்.

வெள்ளை டப்பா

எங்கள் மகள் கவிதாவின் நிச்சயதார்த்தம் செம்பூரில் ஒரு ஹாலில் நடந்தது. கவிதா நல்ல நிறம், என் தங்கச்சியைக் கொண்டிருக்கிறாள். லெட்சுமி கறுப்பு. நானும் கறுப்புதான், ஆனால் ஆண்பிள்ளை கறுப்பாக இருப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

விருந்து நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு உறவுக்கார அம்மா ஒருவர், பட்டுச்சேலையில் நின்றிருந்த லெட்சுமியின் கையில் காலி டம்ளரைக் கொடுத்து, "இன்னொரு காப்பி கொண்டாம்மா, சக்கரை கம்மியா" என்றார்.

லெட்சுமி போனாள். சர்க்கரை கம்மியாகவே கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் மேடையில் மணப்பெண்ணின் அம்மாவாக அவளைப் பார்த்ததும் அந்த அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். "அதுக்கென்ன, யாரு குடுத்தாலும் காப்பி காப்பிதான" என்று சொல்லிவிட்டாள். நான்கூட நல்ல பதில் என்று மெச்சினேன். மேடையில் சொல்லலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு ஷெல்ஃபில் ஒரு சின்ன வெள்ளை டப்பா வந்து உட்கார்ந்தது. பெயர் இல்லை, லேபிள் இல்லை. சந்து முனையில் பியூட்டி பார்லர் வைத்திருந்த பெண் கொடுத்தது. ராத்திரி தடவிக்கொண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அது வேலை செய்தது. அதுதான் அதில் இருந்த கோளாறு. சீக்கிரமே முகம் வெளுத்தது. கல்யாணம் காட்சிக்குப் போனால், "என்ன லெட்சுமி, தேச்சுக் குளிச்சியோ" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே டப்பா மேல் டப்பாவாக வாங்கினாள். கழுத்துக்குக் கீழே ஒரு நிறமும் மேலே ஒரு நிறமுமாக இருந்தாள். ஹாலை மட்டும் அடித்துவிட்டு பெட்ரூமை அப்படியே விட்ட வீடு போல. இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் பார்லர்காரப் பெண் கடையைக் காலி பண்ணிக்கொண்டு முலுண்ட் பக்கம் போய்விட்டாள். டப்பா தீர்ந்தது. கொஞ்ச நாளில் லெட்சுமியின் கன்னம் இரண்டும் சிவந்து, பொரிப்பொரியாக எழும்பி, தண்ணீர் பட்டாலே எரிய ஆரம்பித்தது.

"மொளகாப்பொடி அப்புன மாதிரி எரியிது. அடுப்புப் பக்கம் நிக்க முடியல."

கண்ணாடி மேல் என் குளியல் துண்டை எடுத்துத் தொங்கவிட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் துண்டை எடுத்தால் வேறு துண்டு வரும்.

நெருளிலிருந்து ஒரு பை

கவிதா கல்யாணமாகி இப்போது நெருளில் இருக்கிறாள். அம்மா முகத்தை வீடியோ காலில் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய பாட்டில்களோடு வந்து இறங்கினாள். ஃபேஸ்வாஷ், சீரம், ஸ்கிரப், இன்னும் என்னென்னவோ.

"யே சப் அச்சா வாலா ஹைம்மா. எல்லாமே நல்லது. ஆனா ஏக் சாத் நை, ஒண்ணொண்ணாத்தான் போடணும். சம்ஜி க்யா, புரிஞ்சுதா?"

லெட்சுமி பையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேசாம ஒரு மளிகைக் கடை வச்சிரலாம்" என்றாள்.

மகள் ரயிலேறியதும் நான் பையைக் கையிலெடுத்தேன். பெயிண்டர் வேலையில் ஒரு விதி உண்டு. புது ஷேடை நேராக ஹாலில் அடிக்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் ஒரு முழம் அடித்து, காயவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. அதற்கு சாம்பிள் சுவர் என்று பெயர். நான் என்னையே சாம்பிள் சுவராக நியமித்துக்கொண்டேன்.

தினம் ஒரு பாட்டில். என் இடது கன்னத்தில் மட்டும்.

அந்தச் சமயத்தில் மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டு ஹால் வேலை நடந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்ட மாமி, "இதுக்கெல்லாமா பாட்டில் பாட்டிலா வாங்குவா? கடலைமாவும் தயிரும் கலந்து போட்டுண்டா போறும்ப்பா. என் மூஞ்சியைப் பாரு, எழுபது வயசுன்னு சொல்லுவியா?" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். எண்பது என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் ஹாலுக்கு இரண்டாவது கோட் இன்னும் பாக்கி இருந்தது.

சாம்பிள் சுவருக்கு அதையும் விட்டுவைப்பானேன். மாமி வீட்டுக் கிண்ணத்திலேயே கலந்து, இடது கன்னத்தில் பூசிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கூட வேலை செய்யும் மாரியப்பன் என்னைவிட மூத்தவன், கண் சுமார். சுவரில் பூசிய பட்டியைத் தேய்க்கிற உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கீழேயிருந்து கேட்டான்: "வேய், பட்டி காஞ்சிட்டு போலிருக்கே. தேய்க்கட்டுமா?"

கடைசியில் எதனாலும் என் கன்னத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிக்கவில்லை, சிவக்கவில்லை. வீட்டுக்குப் போய் வெற்றியோடு அறிவித்தேன்: "எல்லாம் பாஸ். பயப்படாமப் போடு."

என்னை நம்பி அவள் சீரத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் குழாயடிக்கு ஓடினாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா, தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

மூன்றே சாமான்

கவிதா கொடுத்த பையையும் எடுத்துக்கொண்டு சயானில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். மராட்டிக்காரப் பெண், கவிதாவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். இந்தியில் பொறுமையாகப் பேசினாள். லெட்சுமியின் முகத்தை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளை டப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்டாள்.

அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றாள். போடுகிற வரைக்கும் வெளுத்துக் காட்டும், உள்ளே தோலை மெலிசாக்கிவிடும். விட்டதும் இப்படித்தான் சிவந்து எரியும். ஆறும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

"சரி, இந்த சீரம் போடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"யார் முகத்துல?"

"என் முகத்துல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் சொன்னாள்: லெட்சுமியின் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை லெட்சுமியின் தோலில்தான் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழேயோ ஒரு பொட்டு வைத்து, சில நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை வருஷம் தொழில் செய்து, சாம்பிள் அடிக்கும் விதியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்திருக்கிறேன். அதிலும் எப்பேர்ப்பட்ட சுவர். தின்னரும் வெயிலும் குடித்து மரத்துப் போனது. அதில் தார் ஊற்றினாலும் பாஸ்தான்.

டாக்டரம்மா பையிலிருந்த எல்லாவற்றையும் ஓரங்கட்டச் சொன்னாள். எரிச்சலுக்குத் தனி மருந்து எழுதினாள். அது போக மூன்றே சாமான். நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். அடுப்புச் சூடும் வெயிலும் கூடாது.

"டாக்டர், பொங்கல் வருது" என்றாள் லெட்சுமி, தனக்குத் தெரிந்த இந்தியில். "நான் அடுப்பு மூட்டணும்."

"நிழல்ல நில்லுங்க. அடுப்புகிட்டப் போகாதீங்க. வேற யாராவது கிண்டட்டும்."

தொழில் மறந்த கை

கண்ணாடியில் துண்டு தொங்குகிறது. கண்ணாடி பார்க்காமல் முகத்தில் சரியாகப் பூச முடியாது. அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது.

வந்த முதல் நாளே தெரிந்துகொண்டேன், என் தொழிலில் கற்ற எதுவும் இங்கே செல்லாது. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது அடிப்போம். இங்கே சுரண்டவே கூடாது. ஈரச் சுவரில் கை வைக்க மாட்டோம். இங்கே முகத்தைத் துண்டால் ஒத்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட வேண்டும். அது உள்ளே இறங்கிய பிறகு சன்ஸ்கிரீன். அழுத்தித் தேய்க்காமல் புள்ளி புள்ளியாக வைத்து, பைய இழுத்துவிட வேண்டும். வெளியே கிளம்பக் கொஞ்ச நேரம் முந்தியே போட்டுவிட வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டொரு மணி நேரத்தில் மறுபடியும்.

"மெதுவா. ஒங்க கையே உப்புத்தாளுதான்" என்பாள். அதனால் மாய்ஸ்சரைசரை முதலில் என் கையில் தேய்த்து ஊறவைக்க வேண்டியதாயிற்று. வேலைக்குப் போன இடத்தில் மாரியப்பன் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேய், வேலைய விட்டுட்டு பேங்குல சேந்துட்டீரா?" என்றான்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் முகத்தை நான் இப்படிப் பக்கத்தில், வெளிச்சத்தில், நிதானமாகப் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. எப்போது வந்தது என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்தியே இருக்கு" என்றாள். ஊர்ச் சுவர்களில் விரிசல் எங்கே என்று ஒரு பார்வையில் சொல்கிற ஆள் நான்.

கீழே இறங்கினோம்

பொங்கல் காலைக்கு வருகிறேன்.

நெற்றி, கன்னம், மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் பூசி முடித்தேன். டாக்டரம்மா கொடுத்த சன்ஸ்கிரீனில் ஒரே ஒரு குறை. கறுப்புத் தோலில் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளையாகத் தெரியும். அதற்குக் கீழே சிவப்பும் தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள். கண்ணாடி நான்தானே.

பிரைமர் அடித்த மாதிரி இருக்கிறது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"சிரிப்பாவளா?"

சிரிப்பார்கள். எங்கள் சந்து எனக்குத் தெரியும். பொல்லாத்தனம் இல்லை, பொழுதுபோக்கு. யாரையாவது பார்த்துச் சிரித்தாக வேண்டும். எனக்கு அப்போதுதான் தோன்றியது, இந்தச் சந்தில் சிரிக்கப்படுவதற்கென்றே ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறான், அவனுக்கு மேடை அனுபவமும் இருக்கிறது.

டியூபைப் பிதுக்கினேன். இரண்டு விரல் அளவெல்லாம் இல்லை, உள்ளங்கை நிறைய. என் முகத்தில் அப்பினேன். இழுத்துவிடவில்லை. மூக்கு மேல் குவியலாகவே விட்டேன்.

"கண்ணைத் தெற."

திறந்தாள். என் மூக்கு மேலிருந்த குவியலைப் பார்த்தாள்.

"என்ன கோலம் இது? வயசு என்ன ஆச்சுன்னு நெனப்பிருக்கா?"

"நான் முன்னால போறேன். எல்லாரும் என்னையப் பாத்து முடிக்கட்டும். நீ பொறத்தால வந்து நிழல்ல நில்லு. பானைய நான் கிண்டுதேன்."

"ஆம்பள பொங்கக் கிண்டுனா அதுக்கு வேற சிரிப்பாளுவ."

"அப்பம் ரெட்டிப்பு லாபம்."

பட்டு முந்தானையைத் தலையில் போட்டு, மூக்குக்கும் வாய்க்கும் குறுக்கே இழுத்துச் செருகிக்கொண்டாள். கண் மட்டும்தான் வெளியே. அப்படியாவது இறங்கினாளே என்று நான் முன்னால் நடந்தேன்.

முதலில் பார்த்தது எதிர்வீட்டுப் பேச்சியக்கா. சந்து முழுக்கக் கேட்கிற குரல்.

"ஏ பெயிண்டரண்ணாச்சி, அடிக்கச் சொவரு கெடைக்கலன்னு மொகத்துல அடிச்சிட்டியளா?"

"இது மொதக் கோட்டுதான். ரெண்டாவது சாயங்காலம்."

சந்தே சிரித்தது. செல்போன்கள் வெளியே வந்தன. என்னை அடுப்பு முன்னால் உட்காரவைத்து, கையில் அகப்பையைக் கொடுத்து, நாலா பக்கமும் நின்று படம் எடுத்தார்கள். லெட்சுமி சந்தின் ஓரம் கட்டியிருந்த படுதா நிழலில் முக்காட்டோடு நின்றாள். அங்கிருந்தே உத்தரவு வந்தது.

"வெறக உள்ள தள்ளுங்க. வெல்லத்தத் தொடாதிய, மொதல்ல பால் பொங்கட்டும்."

"அண்ணாச்சிக்கு ரிமோட்டு அங்கன இருக்குடி" என்றது ஒரு குரல். இன்னொரு சிரிப்பு. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் திட்டம் அருமையாக நடந்துகொண்டிருந்தது.

ஒன்றை மட்டும் நான் மறந்திருந்தேன்.

பானை பொங்கும்போது குலவை போட வேண்டும். எங்கள் சந்தில் முதல் அடுப்புக்காரி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் போடுவார்கள். குலவை என்பது தொண்டையும் நாக்கும் சேர்ந்து செய்கிற வேலை. வாய்க்குக் குறுக்கே துணி கட்டிக்கொண்டு அதைப் போட முடியாது.

பால் விளிம்புக்கு ஏறியது. பெண்கள் எல்லாரும் வாயருகே கையைக் கொண்டுபோய்விட்டு, நிழல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. என்னால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. மேடையில் மைக் போன மாதிரி இருந்தது. ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை. ஒரு விறகை வெளியே இழுத்தேன். பால் கேட்கவில்லை, ஏறிக்கொண்டே வந்தது.

லெட்சுமி என்னைப் பார்த்தாள். வெள்ளையாக அப்பிய முகத்தோடு, அகப்பையைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருக்கும் என்னை. பிறகு பானையைப் பார்த்தாள்.

முந்தானையை ஒரே இழுப்பாகக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, குலவை போட்டாள்.

வருஷா வருஷம் கேட்ட அதே குலவைதான். சந்து அதைப் பிடித்துக்கொண்டது. பால் பொங்கிச் செங்கல்லில் வழிந்தது. என் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. சன்ஸ்கிரீன் கண்ணுக்குள் இறங்கினால் அப்படித்தான் எரியும். வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது பேச்சியக்கா லெட்சுமியின் முன்னால் நின்றிருந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் அகப்பையோடு எழுந்துவிட்டேன்.

"ஏட்டி, என்னா இப்படிச் செவந்துருக்கு? வலிக்கா?"

"எரியிதுக்கா. அந்த டப்பாக் கிரீமு போட்டது."

பேச்சியக்காவின் குரல் முதல் தடவையாகத் தணிந்தது. "நானும் அதத்தானட்டி வாங்கினேன். எங்கிட்ட இன்னும் பாதி டப்பா கெடக்கு."

"போடாத. நாளைக்கு எங்கூட சயானுக்கு வா."

இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி என்னிடம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க பூசியிருக்கிறதப் போட்டா கலர் வருமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் லெட்சுமியே சொன்னாள்.

"வராது. இருக்க கலரு இருக்கும். அது போதும்."

மறுநாள் குளிக்கப் போகும்போது துண்டைத் தேடினேன். கண்ணாடி மேல் இல்லை. லெட்சுமி அதைத் தலைமுடியில் சுற்றிக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். இரண்டு விரலில் கோடு இழுத்து, புள்ளி வைத்து, தானே பூசிக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்தது. சரி என்று நகரப் போனேன்.

"எங்க போறிய? நேத்து ஒங்க மொகத்துல அம்புட்டு அப்பியும் கழுத்த விட்டுட்டிய. ஸ்டூல இழுத்துப் போட்டு இங்கன உக்காருங்க."

உட்கார்ந்தேன். முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டேன்.